பாஸானதை ஒளித்த மகளுக்கு

சிவமயம்

ஹொல்ம்லியா, ஒஸ்லோ
ஞாயிற்றுக்கிழமை, 11 பங்குனி 2007

அன்புள்ள மகள் ஹம்சத்வனிக்கு அம்மா எழுதிக்கொள்வது. நாங்கள் இங்கே சுகமாக இருக்கிறோம் என்று எழுதித்தான் ஒரு கடிதத்தைத் தொடங்க வேண்டும், ஆகவே எழுதுகிறேன். அப்பாவின் பிரஷர் மருந்தோடு அடங்கியிருக்கிறது, என் முழங்கால் பனிக்காலம் முடியும்வரை இப்படித்தான், உன் தங்கை சோபிகா ஒரு கிழமையாக இருமிக்கொண்டு திரிகிறாள். ஹூஸ்ரனில் நீயும் மருமகன் கொன்ஸ்ரன்ரைனும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டுமென்று பிள்ளையாரைக் கும்பிடுகிறேன். கும்பிட்டு முடிந்தது, இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ பாஸாமே ஹம்சா. போன ஐப்பசியில் நீங்கள் இரண்டு பேரும் எழுதிய அந்த எஞ்சினியர் லைசென்ஸ் சோதனையில் நீ பாஸாகி, தை மாதமே முடிவு உன் கையில் வந்து, அதை நீ ஒளித்து வைத்திருக்கிறாயாமே. பெற்ற தாய் நான் அதை நேற்று ஒரு சாமத்திய வீட்டில், ஊர்ச் சனத்தோடு சேர்ந்து, கையில் பாயாசக் கோப்பையோடு இருந்து கேட்டேன்.

நான் வேலை செய்யும் பார்னஹாகனில் என்னோடு சின்னப் பிள்ளைகளை மேய்க்கிற தேவிகாவின் மகள் பெரியபிள்ளையானதற்குத்தான் சடங்கு, இங்கே பள்ளிக்கூட மண்டபத்தில். வெளியே பனி உருகிச் சேறு, உள்ளே பட்டுச்சேலை. ஆனந்தராஜாவின் மனுசி வந்து என் பக்கத்துக் கதிரையில் இருந்தாள். அவளை உனக்குத் தெரியும், ஸ்ட்ரோம்மன் கடைகளில் எது மலிவு என்பதிலிருந்து யார் வீட்டில் யார் யாரோடு கதைப்பதில்லை என்பதுவரை அவளிடம் கேட்டால் போதும். வடையைப் பிய்த்தபடி, "உங்கடை மூத்தவவும் மருமோனும் ரெண்டு பேரும் அமெரிக்காச் சோதினையிலை கோட்டை விட்டிட்டினமாம் எண்டு கேள்விப்பட்டன், பாவங்கள், அவருக்கெண்டாலும் தேவை, இவ ஏன் உந்தப் பாடு படுறா, பேசாமல் வீட்டைப் பாத்துக்கொண்டு இருக்கலாமே" என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது, ஆனால் என்ன சொல்வது, தவறிவிட்டேன் என்று நீயேதானே எனக்குப் போனில் சொன்னாய். நான் வாயை மூடிக்கொண்டு பாயாசத்தைக் குடித்தேன். எதிரில் இருந்த உன் அப்பாவால் குடிக்க முடியவில்லை. சாப்பாட்டில் உப்பில்லை என்றுகூடச் சத்தமாகச் சொல்லத் தெரியாத மனுஷன், கதிரையைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழும்பி, "என்ரை பிள்ளை பாஸ். முதல் தரத்திலேயே பாஸ். ஆர் சொன்னது கோட்டை விட்டதெண்டு" என்று கத்தினார். மேடையில் ஆலாத்தி எடுத்துக்கொண்டிருந்த பெண்டுகள்கூடத் தட்டைப் பிடித்தபடி திரும்பிப் பார்த்தார்கள். ஆனந்தராஜாவின் மனுசி அப்பாவைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தாள். பெற்றவளுக்கே தெரியாது என்பது என் முகத்தில் எழுதி ஒட்டியிருந்திருக்கும். அவளுக்குச் சந்தோசப் புளுகம் தாங்கவில்லை. நீ பாஸானது அவளுக்குச் சின்னச் செய்தி, எனக்குத் தெரியாமல் போனதுதான் பெரிய செய்தி.

மண்டபத்திலிருந்து வீட்டுக்கு நடக்கிற தூரம்தான். அந்தத் தூரம் முழுக்க நான் ஒரு வார்த்தை கதைக்கவில்லை, அதிலேயே அப்பாவுக்கு வேர்த்துவிட்டது. கதவைப் பூட்டினதும் எல்லாம் வெளியே வந்தது. நான் வேலைக்குப் போன நேரம் பார்த்து நீ அவருக்குப் போன் எடுத்தாயாம், பாஸ் என்று சொல்லி அழுதாயாம், கொன்ஸ் தவறிவிட்டான் என்று சொல்லி இன்னும் அழுதாயாம், அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம், அம்மாவால் வாயை வைத்துக்கொண்டு இருக்க ஏலாது என்றாயாம். என் வாயைப் பற்றி அப்பாவும் மகளும் நல்ல மதிப்புத்தான் வைத்திருக்கிறீர்கள். கடைசியில் மண்டபம் முழுக்கக் கேட்கத் திறந்தது யாருடைய வாய்? அப்பா அடுத்த நாளே தனியாகக் கோயிலுக்குப் போய் உன் பெயரில் அர்ச்சனை செய்துவிட்டு வந்து, சோபிகாவின் கார் லைசென்சுக்காக என்று எனக்குச் சொன்னாராம். அந்தத் திருநீற்றை நான் சோபிகாவின் நெற்றியில் பூசினேன். அதைவிடக் கேள். நீ சித்திரையில் திரும்ப எழுதிப் பாஸாக வேண்டுமென்று தையிலிருந்து நான் வெள்ளிக்கிழமைகளில் விரதம் பிடிக்கிறேன். ஏற்கெனவே பாஸானவளுக்காக நான் பட்டினி கிடக்க, உன் அப்பா எனக்கு எதிரில் இருந்து இடியப்பமும் சொதியும் சாப்பிட்டிருக்கிறார். ஒரு நாள் தலை சுற்றிக் குசினியில் பிடித்துக்கொண்டு நின்றபோது, "காணும் இராசமணி, உந்த விரதத்தை விடு, பிள்ளையாருக்கு எல்லாம் தெரியும்" என்றார். என்னில் உள்ள கரிசனை என்று நினைத்தேன். பிள்ளையாருக்குத் தெரியும், அப்பாவுக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியாது.

உன் திட்டத்தையும் அப்பா சொன்னார். சித்திரையில் மருமகன் திரும்ப எழுதுகிறார், நீயும் திரும்ப எழுதப்போவதாக அவருக்குச் சொல்லியிருக்கிறாய், வேலையால் வந்ததும் ஒவ்வொரு நாளும் பின்னேரம் இரண்டு பேரும் சாப்பாட்டு மேசையில் புத்தகங்களை விரித்து அதே பயிற்சிக் கணக்குகளைத் திரும்பவும் செய்கிறீர்கள். அவர் பாஸானதும் நீயும் பாஸ் என்று சொல்லி ஒரே நாளில் கேக் வெட்டுவாயாம். அதுவரைக்கும் உன் லைசென்ஸ் பத்திரம் கந்தோர் மேசை லாச்சிக்குள் கவிழ்ந்து கிடக்குமாம். கந்தோர்க் கதவில் புதிய பட்டத்தோடு உன் பெயரைப் போட்டுவிட்டார்களாம், அது அவர் கண்ணில் படக்கூடாதென்று, அவர் உன்னைக் கூட்டிப்போக வரும் நாட்களில் நீ தெருமுனைவரை நடந்து போய் அந்த வெயிலுக்குள் நிற்கிறாயாம். நல்ல திட்டம். இனி நான் கேட்கிறேன், எனக்கு விடை சொல். சோதனை நாள் காலையில் என்ன செய்வாய்? அது புத்தகம் பார்த்து எழுதும் சோதனை, எல்லோரும் ஊருக்குப் போகிற மாதிரிச் சில்லு வைத்த பெட்டிகளில் புத்தகங்களை இழுத்துக்கொண்டு வருவார்கள் என்று ஐப்பசியில் நீதான் எனக்குச் சொல்லிச் சிரித்தாய். நிறம் நிறமாக ஒட்டுத்தாள் வைத்த உன் பெட்டியை இழுத்துக்கொண்டு நீயும் அவரோடு வாசல்வரை போவாயா? வாசலில் பெயர் பார்த்துத்தானே உள்ளே விடுவார்கள், உன் பெயர் எங்கே இருக்கும்? வயிற்றைப் பிடித்துக்கொண்டு கழிப்பறைக்கு ஓடுவாயா? அவர் உள்ளே எட்டு மணித்தியாலம் கணக்குச் செய்ய, லைசென்ஸ் வைத்திருக்கிற எஞ்சினியர் நீ காருக்குள் தலையைக் குனிந்துகொண்டு கிடப்பாயா? ஆஸ்பத்திரிக் கட்டடங்களுக்குக் குளிர்காற்று எப்படிக் கொண்டுபோவது என்று படம் கீறுகிறவள், பூட்டின காருக்குள் வெந்து போவாய். மத்தியானம் அவர் சாப்பிட வெளியே வந்து உனக்கு எந்தக் கேள்வி கஷ்டம் என்று கேட்டால் எதைச் சொல்வாய்? சரி, இதெல்லாம் எப்படியோ சமாளித்தாய் என்று வை, அவர் சித்திரையிலும் தவறினால்? அடுத்த ஐப்பசிக்கு நீயும் சேர்ந்து தவறுவாயா? இப்படியே கிழவியாகும்வரை தவறிக்கொண்டிருப்பாயா?

அவர் மனம் உடைந்துபோவார் என்று அப்பாவிடம் சொன்னாயாம். பெண்சாதி பாஸாகித் தான் தவறினால் உடைந்து போகிற ஆளென்றால் அவரை ஏன் கட்டினாய்? நாங்களா பேசிக் கட்டிவைத்தோம்? துரொண்ட்ஹெய்முக்கு எஞ்சினியரிங் படிக்க அனுப்பினோம், நீ படிப்போடு சேர்த்து ஒரு வேதக்காரப் பெடியனையும் பார்த்துக்கொண்டு வந்தாய். நான் முகத்தைத் திருப்பினேன், இல்லை என்று சொல்லவில்லை. அப்போது நீ என் குசினியில் நின்று, "அம்மா, கொன்ஸ் வேறை ஆம்பிளையள் மாதிரி இல்லை" என்று தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினாய். வேறு ஆம்பிளைகள் மாதிரி இல்லாதவருக்கு முன்னால் ஏன் வேறு பெண்டுகள் போடுகிற வேஷத்தைப் போடுகிறாய்? அந்த வேஷத்தை நான் இங்கே நாளாந்தம் பார்க்கிறேன். புருஷனைவிட நோர்வேஜியன் நன்றாக வரும், ஆனால் டொக்டரிடம் போனால் அவர் தட்டுத்தடுமாறிக் கதைத்து முடிக்கும்வரை நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். தனியப் போனால் பனியில் மலைப்பாதையிலும் கார் ஓடுவார்கள், கோயிலுக்கு வரும்போது மட்டும் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து ஆசனத்தில் இருப்பார்கள். சின்னப்பிள்ளையில் நீ அவர்களைப் பார்த்துக் கொடுப்புக்குள் சிரிப்பாய், நான் உன் துடையில் கிள்ளுவேன். இப்போது நீ அவர்கள் எல்லோரையும் தாண்டிவிட்டாய். அவர்கள் தெரிந்ததைச் சொல்லாமல்தான் இருக்கிறார்கள், நீ தெரியாது என்று மேசையில் இருந்து நாடகம் ஆடுகிறாய்.

சோபிகாவின் புதினம் கேட்பாய். அவள் போன கிழமை கார் லைசென்சில் மறுபடியும் தவறிவிட்டாள். வட்டச்சந்தியில் யாருக்கோ வழி விடவில்லையாம். வீட்டுக் கதவைத் திறந்து சப்பாத்தைக் கழற்ற முதலே "ஃபெயில்" என்று கத்திவிட்டு, சட்டிக்குள் என்ன கறி என்று மூடியைத் திறந்து பார்த்தாள். ஃபெயிலை இப்படிக் கத்திச் சொல்லக்கூடிய வீட்டில் வளர்ந்த உனக்குப் பாஸை ஒளிக்க எங்கேயிருந்து வந்தது? எனக்கு எதில் கூடுதல் கோபம் தெரியுமா, நீ என்னைச் சந்தோசப்பட விடவில்லை. தையிலிருந்து நான், என் பிள்ளை தவறிவிட்டாளே, தனக்குள் குமைகிறாளோ, சாப்பிடுகிறாளோ என்று கவலைப்பட்டுத் திரிந்தேன். பார்னஹாகனில் மக்டலீன் இருக்கிறாளே, அந்த நோர்வே மனுசி, அவளிடம்கூடச் சொல்லிக் கண் கலங்கினேன், அவள் எனக்குக் கோப்பி வார்த்துத் தந்தாள். பெருமைப்பட வேண்டிய நாட்களெல்லாம் இப்படிக் கவலையில் போயின. அதை நீ எனக்குத் திருப்பித் தர முடியாது. இப்போது நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். செய்தி மண்டபத்தை விட்டு வெளியே போய்விட்டது, ஆனந்தராஜா வீட்டில் போன் சும்மா இருக்காது, ஹூஸ்ரனுக்கு வந்து சேர அதிக நாள் எடுக்காது. ஊரார் வாயால் அவர் கேட்க முதல் உன் வாயால் சொல். இதை நான் போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் போனில் நான் ஏசத் தொடங்கினால் "அம்மா, கொன்ஸ் வாறான், பிறகு எடுக்கிறன்" என்று வைத்துவிடுவாய். கடிதத்தை அப்படி வைக்க ஏலாது.

செவ்வாய்க்கிழமை

மேலே உள்ளதை ஞாயிற்றுக்கிழமை எழுதிவிட்டு, வீட்டில் முத்திரை இல்லாததால் மேசையில் வைத்திருந்தேன். நல்லதாகப் போயிற்று. நேற்றுப் பின்னேரம் மீன்குழம்பு அடுப்பில் கொதிக்கும்போது போன் அடித்தது. மருமகன். உங்கள் பக்கம் மத்தியானச் சாப்பாட்டு நேரமாம், வேலைத்தலத்தில் காருக்குள் இருந்து கதைக்கிறாராம், நீ பக்கத்தில் இல்லையாம். ஆனந்தராஜா மனுசியின் தம்பி ஒருவன் துரொண்ட்ஹெய்மில் அவரோடு படித்தவனாம், "உன் மனைவி பாஸாமே, வாழ்த்துக்கள்" என்று ஈமெயில் அனுப்பியிருக்கிறான். நான் எங்கே தொடங்குவது என்று யோசிக்க முதல் அவரே தொடங்கினார். "மாமி, எனக்கு அது ஜனவரியே தெரியும். எனக்குத் தெரியுமெண்டு ஹம்சாவுக்குத் தெரியாது. நீங்களும் மாமாவும் ஒண்டும் நடக்காத மாதிரியே இருங்கோ, அதைச் சொல்லத்தான் எடுத்தனான்" என்றார்.

எப்படித் தெரியும், லாச்சியைத் திறந்தீர்களா, கந்தோரில் யாரும் சொன்னார்களா என்று கேட்டேன். அதொன்றும் இல்லையாம், உன் கணக்கில் தெரிந்ததாம். அவர் எனக்கு விளங்கப்படுத்தினதை எனக்கு விளங்கின அளவில் எழுதுகிறேன், பிழை என்றால் எஞ்சினியர் நீ திருத்து. அந்தச் சோதனையில் நிறையக் கேள்விகள் இறாத்தலிலும் அடியிலும் வருமாம். கிலோவிலும் மீற்றரிலும் படித்த நோர்வேப் பிள்ளைகளுக்கு அதற்குள் ஒரு பொறி இருக்கிறதாம். இறாத்தலில் தந்ததை அப்படியே தூக்கிக் கணக்கில் போட்டால் விடை கன்னாபின்னாவென்று பெருத்துவிடுமாம், முப்பத்திரண்டு சொச்சத்தால் பிரிக்க வேண்டுமாம், அந்தப் பிரிப்பு இங்கே படித்தவர்களுக்குக் கைப்பழக்கம் இல்லையாம். இன்னும் மோசம், பெருத்துப்போன அந்தப் பிழை விடையையும் நாலு விடைகளில் ஒன்றாகப் போட்டு வைத்திருப்பார்களாம், அதைப் பார்த்ததும் சரி என்று நம்பிக் கட்டம் நிரப்பிவிடுவார்களாம். அதில்தான் ஐப்பசியில் அவர் விழுந்தாராம். "ஹம்சா அதை ஒரு நாளும் மறந்ததில்லை மாமி. எனக்குத் தலையிலை குட்டிக் குட்டிச் சொல்லித் தந்ததே அவதான். முடிவு வந்த பிறகு அவவும் திடீரெண்டு மறக்கிறா. நான் எங்கை மறக்கிறனோ அங்கை பாத்து மறக்கிறா. நான் பிழை விட்டால், ஐயோ நானும் அப்பிடித்தான் செய்தனான் எண்டு தலையிலை கை வைக்கிறா. முதல் நாள் நான் நம்பினன். ரெண்டாம் நாள் அவவின்ரை முகத்தைப் பாத்தன். எக்ஸாமன் பாஸ் எண்டு அப்பவே விளங்கிச்சுது" என்றார்.

நான் போனைக் காதில் வைத்தபடி குழம்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அடுப்பைக் குறைக்கவும் தோன்றவில்லை. தெரிந்த பிறகு ஏன் அவளிடம் கேட்கவில்லை, வாய் இல்லையா என்று அவருக்கும் ஏசினேன். கேட்டால் நீ அழுவாயாம், அழுதால் உனக்காகத்தான் ஒளித்தேன் என்று சொல்வாயாம், அதை உன் வாயால் கேட்கத் தனக்கு ஏலாதாம். பிறகு அவர் சொன்ன ஒரு வசனத்தை நான் பிசகாமல் எழுதுகிறேன். "தோத்தது எனக்கு ரெண்டு மூண்டு நாளிலை ஆறிப்போச்சு மாமி. அவ என்னை இவ்வளவு சின்ன ஆள் எண்டு நினைச்சுப்போட்டா எண்டதுதான் இன்னும் ஆறேல்லை." அதற்குமேல் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒரு வளர்ந்த ஆம்பிளைப் பிள்ளை, மத்தியான வெயிலில், சாப்பாட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, பெண்சாதியின் தாய்க்குப் போன் எடுத்து அழுகிறது. கேட்கச் சகிக்கவில்லை எனக்கு.

ஹம்சா, ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிள்ளையைப் பற்றி நான் எழுதினது எதையும் வெட்டவில்லை. வெட்டினால் இந்தக் குடும்பத்தில் ஒளிக்கிற ஆட்களோடு நானும் ஒருத்தியாகப் போய்விடுவேன். ஆனால் அங்கே அவருக்குக் கொடுத்த ஏச்சு முழுவதையும் இப்போது உன் பக்கம் திருப்பிப் போட்டு வாசி. உடைந்து போகிற ஆள் என்று அவர் ஒரு நாளும் சொல்லவில்லை, உடைந்து காட்டவும் இல்லை. அதைத் தீர்மானித்தது நீ. ஒரு தரம் கேட்டுப் பார்க்காமல், சொல்லிப் பார்க்காமல், என் புருஷனுக்கு இவ்வளவுதான் கொள்ளும் என்று அளந்து வைத்தாய். நான்கூட வேதக்காரன் என்றுதான் முகத்தைத் திருப்பினேன், சின்ன மனம் படைத்தவன் என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. உன்னை நம்பித்தான் ஞாயிற்றுக்கிழமை அப்படியும் எழுதிவிட்டேன், எனக்கு வெட்கமாக இருக்கிறது, அந்த வெட்கத்துக்கும் நீதான் பொறுப்பு.

இன்னொன்றையும் கேள், இதுதான் எனக்கு நெஞ்சைச் சுடுகிறது. சோதனைக்கு இன்னும் எத்தனை கிழமை இருக்கிறது? அந்தப் பிள்ளைக்கு இப்போது வேண்டியது, சரியாகத் தெரிந்த ஒருத்தி பக்கத்தில் இருந்து, இஞ்சை பிழை, அழித்துவிட்டுத் திரும்பச் செய் என்று சொல்வது. ஐப்பசிக்கு முதல் நீ அதைச் செய்தாய். இப்போது அவர் பிழை விட்டால் நீயும் ஒரு கள்ளப் பிழையை விட்டு அவர் பிழைக்குத் துணை கொடுக்கிறாய். அவர் தன்னுடைய பிழையையும் தேடிப் பிடிக்க வேண்டும், உன் கள்ளப் பிழையையும் பார்த்தும் பார்க்காதமாதிரி இருக்க வேண்டும், உனக்குச் சந்தேகம் வராமல் முகத்தையும் வைத்துக்கொள்ள வேண்டும், அதற்குப் பிறகு மூளையில் மிச்சம் இருந்தால் கணக்குச் செய்ய வேண்டும். "முந்திச் செய்ததிலை பாதிக் கணக்குத்தான் மாமி இப்ப ஒரு பின்னேரத்திலை முடியுது" என்று அவரே சொன்னார், குறையாகச் சொல்லவில்லை, சும்மா சொன்னார். பாஸானவள் வீட்டுக்குள் இருக்க, ஃபெயிலான ஒருத்தியோடு இருந்து அவர் படிக்கிறார். சித்திரையில் அவர் திரும்பத் தவறினால் அது அவர் தவறினது அல்ல, நீ தவறவைத்தது. இரக்கம் என்று இதற்கு நீ பெயர் வைத்திருப்பாய். எனக்கு அந்த இரக்கத்தைப் பார்க்க அருவருப்பாக இருக்கிறது. கோபம் வந்து கொட்டுகிற வார்த்தை என்று நினைக்காதே, இரண்டு நாள் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

அவரையும் நான் சும்மா விடவில்லை. நோர்வே அரசாங்கம் கடன் கொடுத்துப் படிப்பித்த இரண்டு எஞ்சினியர்கள் ஒரு மேசையில் அந்தப் பக்கம் ஒருவர் இந்தப் பக்கம் ஒருவராக இருந்து, ஆளுக்காள் தெரிந்ததைத் தெரியாது என்று காட்டிக் கணக்குச் செய்கிறீர்கள், உங்களை நம்பி யார் கட்டடம் கட்டுவார்கள் என்று கேட்டேன். அழுகைக்குள்ளும் சிரித்துவிட்டார். பிறகு, "நீங்கள் சொல்லிப்போடாதேங்கோ மாமி, அவவே ஒரு நாள் சொல்லட்டும், நான் பாத்துக்கொண்டு இருக்கிறன்" என்றார். நான் ஓம் என்று சொல்லவில்லை. அடுப்பில் குழம்பு அடிப்பிடிக்கிறது என்று சொல்லிப் போனை வைத்தேன், அது உண்மையும்தான், நேற்று இரவுச் சாப்பாட்டுக்கு அப்பாவும் சோபிகாவும் கருகின குழம்பை வாய் திறக்காமல் சாப்பிட்டார்கள். அப்பா இப்போது நான் எழுதுவதைத் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, கொஞ்சம் சூட்டைக் குறைத்து எழுதச் சொல்கிறார். அவரோடு நான் இன்னும் கதைக்கத் தொடங்கவில்லை, அதனால் அவருக்கு விடை சொல்லவில்லை.

பாஸானதுக்கு அம்மா இவ்வளவு எழுதியும் நல்லதாக ஒரு வார்த்தை எழுதவில்லையே என்று நினைப்பாய். எழுத மாட்டேன். அப்பா சொல்லி, ஆனந்தராஜா மனுசி பார்த்துக்கொண்டிருக்க எனக்குத் தெரிந்த பாஸுக்கு என்னிடம் வாழ்த்து இல்லை. நீ எனக்குப் போன் எடுத்து, அம்மா நான் பாஸ் என்று உன் வாயால் சொல், அப்போது பார், இந்த முழங்காலோடு எழும்பி நிற்பேன். உங்கள் இரண்டு பேருக்கும் முறுக்கும் பருத்தித்துறை வடையும் தனிப் பொட்டலமாக அனுப்பியிருக்கிறேன், சோதனை நாளைக்கென்று கொஞ்சம் எடுத்து வை, அவர் வெறும் வயிற்றோடு போகிற ஆள். இனி அந்த வாசலில் நீ அவரை இறக்கிவிட்டு, பெட்டியைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, உன் கந்தோருக்கு நேரத்துக்குப் போ. உள்ளே அவரை அவருடைய மாதா பார்த்துக்கொள்ளட்டும், உன்னை எங்கள் பிள்ளையார் பார்த்துக்கொள்ளட்டும். இரண்டு பேரும் நீண்ட ஆயுளோடு, சேர்ந்து, ஒளிவு மறைவு இல்லாமல் நல்லாயிருக்க வேண்டும். இது மட்டும் கோபமில்லாமல் எழுதுகிறேன்.

இந்தக் கடிதத்தை உன் கந்தோருக்கு அனுப்பலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். இப்போது வீட்டு விலாசத்துக்கே அனுப்புகிறேன், உறையில் ஆங்கில எழுத்தில் உங்கள் இரண்டு பேருடைய பெயரும் இருக்கும். தபால்பெட்டியைத் திறக்கிறவர் அவர்தான், உறையையும் அவர்தான் பிரிப்பார். நோர்வேயின் வடக்கே மீன் தொழிற்சாலை ஊரில், தமிழ்ப் பள்ளிக்கூடம் இல்லாத காலத்தில் வளர்ந்த பிள்ளை, தமிழ் கதைக்க வருமே தவிர வாசிக்க வராது. உன்னிடம்தான் கொண்டுவந்து தந்து, மாமி என்ன எழுதியிருக்கிறா, வாசி என்று பக்கத்தில் இருப்பார். முதல் வரியிலிருந்து சத்தமாக வாசி. அவரை ஏசின இடங்களையும் விடாதே.

இப்படிக்கு,
கோபம் இன்னும் ஆறாத உன் அம்மா,
இராசமணி இரத்தினவேல்